தாதியர் சேவையும் ஆராய்ச்சி முடிவுகளும்: மானிப்பாய் தரும் பாடம்

கிளினிக் நாட்களில் தாய்மார் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எங்க அம்மா காலத்துல ஒண்ணு சொன்னாங்க. மூத்தவன் பொறந்தப்ப வேற சொன்னாங்க. இப்ப சின்னதுக்கு இன்னொண்ணு சொல்றாங்க. நாங்க எதைத்தான் கேக்குறது?"

இது நியாயமான கேள்வி. "சொன்னதைச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது இதற்குப் பதிலாகாது. தாதியும் மருத்துவிச்சியும் சொல்லும் ஆலோசனை எங்கிருந்து வருகிறது? அது ஏன் காலத்துக்குக் காலம் மாறுகிறது? மாறும் ஒன்றை நாம் எப்படி நம்புவது? இவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்த ஒரு வரலாறு இதற்கு நல்ல உதாரணமாக இருக்கிறது.

ஆராய்ச்சி என்றால் என்ன?

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வரும். ஆனால் தோட்டத்து மக்களுக்கு ஆராய்ச்சி புதிய விஷயம் அல்ல. தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது நமக்குத் தெரியும். ஒரு புதிய உரம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மலையில், ஒரே வயதுத் தேயிலையில், சில துண்டுகளுக்கு அந்த உரத்தைப் போட வேண்டும். பக்கத்துத் துண்டுகளுக்குப் போடாமல் விட வேண்டும். எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். நல்ல செழிப்பான துண்டாகப் பார்த்து உரத்தைப் போட்டுவிட்டு, "பாருங்க எவ்வளவு கொழுந்து" என்று சொன்னால் அது கள்ளக் கணக்கு. பிறகு இரண்டு பக்கத்துக் கொழுந்தையும் தனித்தனியே நிறுத்து எழுத வேண்டும். தராசு சொல்வதுதான் முடிவு.

வைத்திய ஆராய்ச்சியும் இதே மாதிரிதான். ஒரு பராமரிப்பு முறையைச் சிலருக்குச் செய்து, அவர்களைப் போன்ற வேறு சிலருக்கு வழக்கமான முறையைச் செய்து, இரண்டு பக்கத்திலும் எத்தனை பேர் சுகமானார்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். "எங்க பாட்டி இப்படித்தான் செஞ்சாங்க, பிள்ளை நல்லாத்தான் இருந்துச்சு" என்று நாம் சொல்வது ஒரு பிள்ளையின் கதை. ஒரு செடியைப் பார்த்து ஒரு மலையைத் தீர்மானிக்க முடியுமா?

1847இல் ஒரு கணக்கு

இப்படி எண்ணிப் பார்த்ததால் உலகத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை கைகழுவுதல். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவிச்சிகள் பார்த்தார்கள். 1846ஆம் ஆண்டு மாணவர்களின் வார்டில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவிச்சிகளின் வார்டில் 100க்கு 3 பேர்கூட இறக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களின் வார்டில்தான் சாவு அதிகம்!

செம்மல்வைஸ் என்ற வைத்தியர் இதற்குக் காரணம் தேடினார். மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847இல் அவர் ஒரு கட்டளை போட்டார். எல்லோரும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கைகழுவிவிட்டே தாயைத் தொட வேண்டும். 1848இல் அந்த வார்டில் மரணம் 100க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. இருந்தும் பெரிய வைத்தியர்கள் பலர் இதை ஏற்கவில்லை. "எங்கள் கை அழுக்கா?" என்று கோபித்தார்கள். கணக்கு கண்முன்னே இருந்தும் பல ஆண்டுகள் தாய்மார் வீணாக இறந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உண்மையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கட்டிலருகே நிற்பவரின் கைக்கு அது வந்து சேருவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைத்தான் தாதியர் கல்வி என்கிறோம்.

மானிப்பாயில் நடந்தது

வியன்னாவில் கைகழுவத் தொடங்கிய அதே 1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். வயது ஏறத்தாழ 25. 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, உள்ளூர் இளைஞருக்கு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். நமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காகக் கடல் தாண்டி, காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த காலம் அது.

முதலில் கிறீன் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு வெளியூர் போய்விடும் நிலை இருந்தது. கிராமத்துச் சனங்களுக்கு வைத்தியம் போய்ச் சேரவில்லை. ஆகவே 1860களில் அவர் முழுப் படிப்பையும் தமிழுக்கு மாற்றினார். அவர் பயிற்றிய 60க்கு மேற்பட்ட வைத்தியர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

தமிழில் படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே! கிறீன் தாமே தமிழ் கற்று, தமது மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, அக்காலத்து ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். உடலமைப்பும் சுகாதாரமும் பற்றிய நூல் 1852இல் வந்தது. பிரசவம் பற்றிய நூல் 1857இல் வந்தது. இரண வைத்தியம், அதாவது சத்திர சிகிச்சை பற்றிய நூல் 1867இல் வந்தது. தமிழில் சொல் இல்லாத இடத்தில் சொல்லைத் தேடியும் ஆக்கியும் எழுதினார்கள். 1873இல் அவர் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் வைத்திய நூல் வேலையை விடவில்லை. 1884இல் காலமானார். மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று வழங்குகிறது.

கிறீன் காலத்தில் அங்கே படித்தவர்கள் ஆண்கள். பெண்கள் ஆண் வைத்தியரிடம் போகக் கூச்சப்பட்டார்கள். பக்கத்து ஊரான இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் ஆஸ்பத்திரி அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் ஏற்பட்டது. அங்கே தாதியரும் பயிற்றப்பட்டார்கள். உலகத்திலேயே தாதித் தொழில் ஒழுங்கான படிப்பாக மாறியது அந்த நூற்றாண்டில்தான். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டனில் தாதியர் பாடசாலையை 1860இல் தொடங்கினார். விளக்கோடு நோயாளிகளைச் சுற்றிப் பார்த்தவர் என்றுதான் அவரை நாம் அறிவோம். அவர் கணக்கிலும் கெட்டிக்காரர். யுத்தத்தில் இறந்த படைவீரரில் பெரும்பாலோர் காயத்தால் சாகவில்லை, தடுக்கக்கூடிய நோயால் இறந்தார்கள் என்பதைப் படம் போட்டுக் காட்டி அரசாங்கத்தையே அசைத்தவர் அவர்.

புத்தகம் பழசாகும்

1867 என்ற ஆண்டைத் தோட்டத்து மக்கள் மறக்க மாட்டார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய ஆண்டு. மானிப்பாயின் இரண வைத்திய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். பிரித்தானியாவில் லிஸ்டர் என்ற சத்திர வைத்தியர், கிருமி கொல்லும் மருந்தால் காயத்தைக் காத்தால் அது சீழ் பிடிக்காது என்று எழுதி வெளியிட்டதும் அதே ஆண்டுதான்.

அப்படியானால் லிஸ்டர் சொன்னது மானிப்பாய்ப் புத்தகத்தில் இருந்திருக்க முடியாது. ஏனெனில் அதன் ஆங்கில மூலம் அதற்கு முந்தியது. இதில் கிறீனுக்கு ஒரு குறையும் இல்லை. தம் காலத்தில் உலகம் அறிந்ததை அப்படியே தமிழருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் புத்தகம் அச்சாகி வரும்போதே அதில் ஒரு பகுதி பழசாகிவிடுகிறது.

தாதியருக்கு ஒருமுறை படிப்பித்தால் போதாது, திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும் என்பது இதனால்தான். இன்று உலகம் முழுவதும் செய்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, நல்லதைத் தேர்ந்து, சுருக்கிக் கொடுக்கும் அமைப்புகள் உள்ளன. 1993இல் தொடங்கிய கொக்ரேன் அமைப்பு அவற்றில் முக்கியமானது. அவற்றைப் பார்த்து உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் வழிகாட்டிகளை எழுதுகின்றன. அந்த வழிகாட்டிகள்தான் மருத்துவிச்சியின் வாய் வழியாக லயத்துக்கு வருகின்றன.

மாறிப்போன வழக்கங்கள்

அம்மா காலத்துக்கும் மகள் காலத்துக்கும் இடையே மாறியவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

பிரசவத்துக்கு வரும் தாய்க்கு முடி மழித்து எனிமா கொடுப்பது முன்பு ஆஸ்பத்திரி வழக்கம். சுத்தத்துக்கு நல்லது என்று எண்ணினார்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது தாய்க்கோ பிள்ளைக்கோ அதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. இப்போது வழக்கமாக அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே ஆலோசனை.

பிறந்த பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துத் தனியே கிடத்துவதும் அந்தக் கால வழக்கம். இப்போது பிள்ளையைத் துடைத்ததும் தாயின் வெறும் நெஞ்சில் வைக்கிறார்கள். நிறை மிகக் குறைந்த பிள்ளைக்கு இது மருந்து மாதிரி. இதைக் கங்காரு முறை என்பார்கள். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வை இந்தியாவிலும் ஆபிரிக்க நாடுகள் நான்கிலும் செய்தார்கள். 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். முதல் 28 நாளில் ஏற்படும் மரணம் நாலில் ஒரு பங்கு குறைந்தது. நமது தோட்டங்களில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். ஆகவே "ஏன் மிஸ்ஸி, பிள்ளையை எப்ப நெஞ்சுல வைக்கலாம்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சீம்பாலைப் பீச்சி எறிந்துவிட்டுச் சீனித்தண்ணி கொடுப்பது, தொப்புள் கொடியில் சாம்பல், பவுடர், எண்ணெய் பூசுவது ஆகியவையும் விட்டுவிட வேண்டியவை. சீம்பால் பிள்ளையின் முதல் காவல். கொடியைச் சுத்தமாக, ஈரமில்லாமல் விட வேண்டும். கிளினிக்கில் மருந்து ஏதும் தந்தால் அதை மட்டும் பூசுங்கள்.

குளிசையும் தேத்தண்ணியும்

இனிச் சொல்வது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறார்கள். இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் இரத்தப் போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. சாதாரண தாய் தாங்கிக்கொள்ளும் இழப்பை இவர் தாங்க மாட்டார். ஆகவே குளிசை சின்னதாக இருந்தாலும் விஷயம் பெரியது.

ஆனால் சிலர் மாதக்கணக்கில் குளிசை குடித்தும் இரத்தம் கூடுவதில்லை. காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் ஒன்று நாம் கையால் பறிக்கும் தேயிலையே. 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் சோற்றோடும் பாணோடும் தேத்தண்ணி குடித்தால் என்ன ஆகிறது என்று அளந்தார்கள். உடம்பில் சேரும் இரும்புச்சத்து பாதிக்கும் கீழே போய்விட்டது. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்புக்கு விடுவதில்லை. பிற்காலத்து ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் இந்தப் பாதிப்பு நன்றாகக் குறைகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். எலுமிச்சை, கொய்யா, நெல்லி போன்றவற்றில் உள்ள விற்றமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவுகிறது.

ஆகவே தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம். விடியக்காலையில் ரொட்டியும் தேத்தண்ணியுமாக அவசரமாகப் பெரட்டுக்குப் போகும் தாயிடம் "காலையில் குளிசை போடுங்கள்" என்றால், அவர் அதைத் தேத்தண்ணியோடுதான் விழுங்குவார். இரவு படுக்கப் போகும்போது தண்ணீரோடோ எலுமிச்சந் தண்ணீரோடோ போடச் சொன்னால் பலன் கிடைக்கும். கல்சியக் குளிசை தந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போட வேண்டாம். அதை வேறு நேரத்தில் போடுங்கள். குளிசையால் மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள்.

ஆராய்ச்சியைத் தாதியர் வேலையில் பயன்படுத்துவது என்றால் இதுதான். ஆய்வின் முடிவு வேண்டும். தாதியின் அனுபவமும் வேண்டும். அந்தத் தாயின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்ற அறிவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆலோசனை வீணாகிவிடும்.

வயிற்றோட்டமும் சவர்க்காரமும்

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து மேற்கு வங்காளத்துக்கு அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். எல்லையிலிருந்த போன்காவ் ஊரின் முகாம்களில் வாந்திபேதி பரவியது. 100 நோயாளிகளில் 30 பேர் வரை இறந்தார்கள். ஊசி வழியாக ஏற்றும் சேலைன் போதவில்லை. திலீப் மஹலனபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் அளந்து கலந்த தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அதைப் பக்கத்தில் இருந்து ஊட்டியவர்கள் நோயாளிகளின் தாய்மாரும் உறவினருமே. மரணம் 100க்கு 4 பேருக்கும் குறைவாக இறங்கியது. நாம் வாங்கும் ஜீவனிப் பக்கற் அந்த வழியில் வந்ததுதான். கொதித்து ஆறிய தண்ணீரில், பக்கற்றில் எழுதியுள்ள அளவுப்படி முழுப் பக்கற்றையும் கரைக்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். பிள்ளை குடிக்க மாட்டாமல் சோர்ந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இன்னொரு ஆய்வு கராச்சி நகரத்தில், நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2005இல் வெளிவந்தது. வீடுகளுக்குச் சவர்க்காரம் கொடுத்துக் கைகழுவப் பழக்கினார்கள். பிள்ளைகளின் வயிற்றோட்டமும் சளிக்காய்ச்சலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. கிருமிநாசினி சேர்த்த சவர்க்காரமும் சாதாரணச் சவர்க்காரமும் ஒரே பலனைத்தான் கொடுத்தன. ஆகவே விலை கூடிய சவர்க்காரம் தேவையில்லை. மலசலகூடம் போய் வந்த பிறகும், சமைக்க முன்பும், பிள்ளைக்கு ஊட்ட முன்பும் கழுவினால் போதும். பிள்ளைக்காம்பராவுக்கும் இதே விதிதான்.

நமக்கு விளங்கும் பேச்சில்

இங்கேதான் மானிப்பாய் நமக்குப் பாடமாகிறது. நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தாதியர் பட்டப்படிப்பும் ஆங்கிலத்தில்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அப்படியே. ஆங்கிலம் தெரியாமல் புதிய ஆய்வுகளை வாசிக்க முடியாது. ஆகவே அது வேண்டியதுதான். ஆனால் ஆங்கிலத்தில் படித்ததைத் தாயின் பேச்சில் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் படிப்பு வாசற்படியோடு நின்றுவிடும். கிறீன் இதை 160 வருடத்துக்கு முன்பே விளங்கிக்கொண்டார்.

மலைநாட்டில் தமிழ் பேசும் தாதியரும் மருத்துவிச்சிகளும் போதாது என்பது நெடுநாள் குறை. "ராத்திரி போடுங்க, தேத்தண்ணியோட வேண்டாம்" என்ற ஒரே வசனம் பாஷை விளங்காமல் தவறிப்போனால், ஒரு தாயின் மாதக்கணக்கான குளிசை வீணாகிறது. ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளே இந்தத் தொழிலுக்கு வர வேண்டும். தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் தேவைப்படும். சாதாரண தரத்திலேயே விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் கவனம் வைக்காத பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிடும். மகள் கெட்டிக்காரி என்றால் ஆசிரியரிடம் இப்போதே பேசுங்கள். ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாதி வந்தால் பல லயங்களுக்குப் பேச்சு விளங்கும்.

கிளினிக்கில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அடுத்த கிளினிக் நாளில் குளிசையோ ஆலோசனையோ கிடைத்தால் மூன்று விஷயங்களை மரியாதையாகக் கேளுங்கள்.

1. இது எதுக்கு?
2. எந்த நேரத்துல, எதோட, எவ்வளவு நாளைக்கு?
3. என்ன கண்டா உடனே வரணும்?

பிறகு, விளங்கியதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பிழையாக விளங்கியிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். நல்ல தாதி இதற்குக் கோபிக்க மாட்டார். கேள்வி கேட்கும் தாய் அவருக்கு வேலையைச் சுலபமாக்குகிறார். வீட்டுக்காரர்களும் மாமிமாரும் ஒருமுறையாவது கூட வர வேண்டும். குளிசையை எடுத்துக் கொடுப்பதும், தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி ஊற்றுவதும், பிள்ளை அழும்போது சீனித்தண்ணி கொடுக்காமல் தாயிடம் கொடுப்பதும் அவர்கள் கையிலும் இருக்கிறது.